அந்த ஏ4 பேப்பர்ல அவரு கையெழுத்து மட்டும் ஏன் இருக்கு? எங்க குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

சங்கத் தலைவர் ஐயா, செகரெட்டரி சார், பொருளாளர் மேடம், அப்புறம் ஏ பிளாக் பி பிளாக் ரெண்டுலயும் இருக்கற 64 வீட்டுக்காரங்க எல்லாருக்கும் வணக்கம்.

நான் பி பிளாக் ரெண்டாவது மாடி. பேர் போடல, உங்களுக்கு யாருன்னு தெரியும். நம்ம அபார்ட்மென்ட் பேரும் போடல, பாதாள சாக்கடை இன்னும் வராத ஏரியாவுல எந்த அபார்ட்மென்ட்ல வேணா நடக்கற விஷயம்தான் இது, வெளிய இருந்து படிக்கறவங்க அவங்கவங்க வீட்டு டேங்க்கை நெனச்சிக்கிட்டா போதும். குரூப்ல ரெண்டு தடவை எழுதினேன், ரெண்டாவது தடவைக்கு அப்புறம் அட்மின் மட்டும் மெசேஜ் போடற மாதிரி மாத்திட்டீங்க. அதனால இங்க எழுதறேன். கோவத்துல எழுதல, கோவம் முதல் வாரமே போயிடுச்சு. இப்ப இருக்கறது வேற, ராத்திரி தூக்கத்துல முழிப்பு வர்ற மாதிரி ஒண்ணு.

நம்ம செப்டிக் டேங்க்கை சுத்தம் பண்ண ஒரு ஆள உள்ள இறக்கினோமே, அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு பாதிப் பேருக்கு முழுசா தெரியாது, ஞாயித்துக்கிழமை காலைல யாரு வெளிய எட்டிப் பாக்கறாங்க. நான் பாத்தேன், என் கிச்சன் ஜன்னல் நேரா செப்டிக் டேங்க் மேலதான் திறக்கும். 10 மணி இருக்கும், தோசை ஊத்திட்டு இருந்தேன். லாரி வந்து ஒரு மணி நேரம் ஆயிருந்துச்சு, மேல இருந்த தண்ணிய உறிஞ்சிட்டாங்க, அடில இறுகிப் போன கசடு வரல, ஹோஸ் வேற அடைச்சிக்கிச்சு. கொஞ்ச நேரம் கீழ பேச்சு சத்தம், அப்புறம் அந்த மனுஷன் சட்டையக் கழட்டினாரு. நாலா மடிச்சு காம்பவுண்டு சுவர் மேல வெச்சாரு, அது மேல போனை வெச்சாரு, காத்துல பறக்காம இருக்க செருப்பு ஒண்ணத் தூக்கி மேல வெச்சாரு. மூஞ்சில ஒரு துண்டு. கையில கிளவுஸ் இல்ல, கால்ல பூட்ஸ் இல்ல, மாஸ்க்னு ஒண்ணு கண்ணுலயே படல. லாரி கிளீனர் பையன், 20 வயசு இருந்தா அதிகம், அவன்தான் "கட்டிக்கண்ணா, கட்டாம இறங்காத"ன்னு வற்புறுத்தி இடுப்புல கயிறு கட்டினான். நம்ம பக்கத்துலேர்ந்து ஒருத்தரும் அதச் சொல்லல.

நாலு பக்கெட் மேல வந்துச்சு. அஞ்சாவது வரல.

அந்தப் பையன் கத்தினது இன்னும் என் காதுல இருக்கு. வாட்ச்மேன் அண்ணன் வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு உள்ள குதிக்கப் போனாரு, பையன் ஒரு கையால அவரப் பிடிச்சு நிறுத்திட்டு இன்னொரு கையால கயித்த இழுத்தான், அப்புறம் ரெண்டு பேருமா சேந்து இழுத்து மேல போட்டாங்க. கண்ணு மேல சொருகி இருந்துச்சு. நான் கேஸ ஆஃப் பண்ணாம ஓடி வந்துட்டேன், தோசை கருகி வீடு பூரா புகை, அதுகூட மதியம் வந்துதான் தெரிஞ்சுது. 108 வந்துச்சு, கவர்மென்ட் ஆஸ்பத்திரில ஆக்சிஜன் வெச்சாங்க, மூணு நாள் இருந்தாரு, பொழச்சிட்டாரு.

சாயங்காலம் குரூப்ல மெசேஜ். "செப்டிக் டேங்க் பணி நிறைவடைந்தது, ஒத்துழைப்புக்கு நன்றி." அதுக்கு கீழ 31 கட்டை விரல், கும்பிடு. அதுல என்னுதும் ஒண்ணு. பழக்க தோஷத்துல போட்டேன்னு சொல்லலாம், ஆனா காலைல என் கண்ணு முன்னாடி நடந்ததுக்கு அப்புறம் அத போட்டேன், அது என் பேர்லதான் இருக்கு.

இனிமே நான் சொல்ல வர்றதுக்கு வரேன். அவரு இறங்கறதுக்கு முன்னாடி ஒரு ஏ4 பேப்பர்ல கையெழுத்து வாங்கினோம். நான் அத செகரெட்டரி சார் கையில பாத்தேன், கேட்டு வாங்கிப் படிச்சேன். "மேற்படி பணியை எனது சொந்த விருப்பத்தின் பேரிலும் சொந்தப் பொறுப்பிலும் செய்கிறேன். ஏதேனும் அசம்பாவிதம் ஏற்பட்டால் சங்க நிர்வாகமோ குடியிருப்போரோ எந்த வகையிலும் பொறுப்பல்ல." டைப் பண்ணி பிரிண்ட் எடுத்தது. அதாவது முதல் நாளே யாரோ ஒருத்தர் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து யோசிச்சு அடிச்சது.

அன்னிக்கு நடந்ததப் பத்தி கேட்டா எல்லாரும் சொல்ற முதல் வார்த்தை "இவ்ளோ ஆபத்துன்னு தெரியாதுங்க". எனக்கும் அப்படித்தான் தோணுச்சு, அந்தப் பேப்பரப் படிக்கற வரைக்கும். போன வருஷம் ரெண்டு பிளாக்குக்கும் பெயின்ட் அடிச்சாங்க, மூங்கில் சாரம் கட்டி நாலாவது மாடி வரைக்கும் ஏறினாங்க, யார்கிட்டயாவது இப்படி ஒரு பேப்பர் வாங்கினோமா? லிஃப்ட் சர்வீஸ் பண்ற பையன்கிட்ட? தென்னை மரம் ஏறி காய் வெட்டறவர்கிட்ட? எவர்கிட்டயும் வாங்கல. இவர்கிட்ட மட்டும்தான் வாங்கினோம். உயிர் போகலாம்னு தெரிஞ்சதாலதான் வாங்கினோம். "தெரியாது"ன்னு நாம சொல்றத அந்தப் பேப்பரே பொய்யாக்குது சார். அந்த பயத்த வெச்சு ரெண்டு வேலை பண்ணிருக்கலாம், ஒண்ணு அவரப் பாதுகாக்கறது, இன்னொண்ணு நம்மளப் பாதுகாக்கறது. நாம ரெண்டாவதப் பண்ணோம்.

ஒரு செயல் சரியா தப்பான்னு பாக்கறதுக்கு நாம வழக்கமா மனசுல என்ன இருந்துச்சுன்னு பாப்போம், கெட்ட எண்ணம் இல்லேன்னா தப்பு இல்லேன்னு விட்டுடுவோம். நம்ம 64 வீட்டுலயும் அந்த மனுஷன் சாகணும்னு நெனச்சவங்க ஒருத்தர் கூட கிடையாது, சத்தியமா கிடையாது. ஆனா போன பொங்கல் விழாவுல நம்ம பசங்க போட்ட நாடகத்த நெனச்சுப் பாருங்க. மதுரையில பாண்டிய ராஜா, கண்ணகி சிலம்ப உடைச்சு மாணிக்கப் பரல் தெறிக்குது, ராஜா சிம்மாசனத்துலேர்ந்து விழுந்து உயிரை விடறான், எல்லாரும் கை தட்டினோம், ஏ பிளாக் தாத்தா கண்ணத் தொடச்சிக்கிட்டாரு. அந்த ராஜாவுக்கு கோவலன் மேல என்ன பகை? ஒண்ணும் இல்ல. பொற்கொல்லன் பொய் சொன்னான், ராஜா விசாரிக்காம உத்தரவு போட்டுட்டான், அவ்ளோதான். "எனக்குத் தெரியாதும்மா, அவன்தான் சொன்னான்"னு அவன் கண்ணகிகிட்ட சொல்லிருக்கலாம், சொன்னது உண்மையாவும் இருந்திருக்கும். கேட்டுத் தெரிஞ்சிக்க வேண்டிய இடத்துல உக்காந்துட்டு கேக்காம விட்டேன்ங்கறதுதான் அவன் உயிரை எடுத்துச்சு. அத நம்ம பசங்களுக்கு வசனமா மனப்பாடம் பண்ண வெச்சோம்.

நாம கேட்டிருந்தா என்ன தெரிஞ்சிருக்கும்? பத்து நிமிஷம் போதும். மூடி வெச்ச டேங்க்ல மலம் அழுகி மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் உண்டாகும். ஹைட்ரஜன் சல்ஃபைடு காத்தை விட கனம், அதனால மூடியத் திறந்து வெச்சா கூட அடில தங்கும். கசடக் கிளறினா உள்ள அடைபட்டிருந்ததும் சேந்து வெளிய வரும், சோடா பாட்டிலக் குலுக்கித் திறந்தா நுரை பொங்கற மாதிரி. கொஞ்சமா இருக்கும்போது அழுகின முட்டை நாத்தம் அடிக்கும். பத்து லட்சம் பங்கு காத்துல ஒரு 100 பங்கு தாண்டினா மூக்கே மரத்துப் போயிடும், நாத்தம் தெரியாது. இன்னும் ஏறி 700, 1000னு போனா ரெண்டு மூச்சுல ஆள் விழுந்துடுவாரு. நான் இத அப்புறமாத்தான் படிச்சேன். ஆஸ்பத்திரில அவரப் பாக்கப் போனப்ப அவரு சொன்னாரு, "மொதல்ல நாத்தம் கொமட்டுச்சும்மா, அப்புறம் அடிக்கல, சரி காத்து வந்துடுச்சு போலன்னு நெனச்சேன்." அதக் கேட்டுட்டு வந்த அன்னிக்கு ராத்திரி இதப் படிக்கறேன். காத்து வரல, மூக்கு செத்துடுச்சு. அந்த நேரத்துல அவரு நிம்மதியா இன்னும் கொஞ்சம் குனிஞ்சிருக்காரு.

அடுத்து "அவரே ஒத்துக்கிட்டாரு". இதுதான் குரூப்ல அதிகமா வந்த பதில், நல்லா படிச்சவங்கதான் எழுதினாங்க. வளர்ந்த மனுஷன், காசு பேசினாரு, சரின்னாரு, இறங்கினாரு, யாரு பிடிச்சுத் தள்ளினது? இத நான் லேசா எடுத்துக்கல, ரொம்ப நாள் யோசிச்சேன். ஒருத்தர் சம்மதம்ங்கறது பெரிய விஷயம்தான், அத மதிக்கணும். ஆனா சம்மதம்னா என்னத்துக்கு சம்மதம்? மூக்கு மரத்துப் போகும்னு அவருக்குத் தெரியுமா? தெரியாது. வேணாம்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போற நிலைமை அவருக்கு இருந்துச்சா? அந்த 1,500 ரூபா அவரு பொண்ணோட காலேஜ் பஸ் பாஸுக்கும் செமஸ்டர் ஃபீஸ்ல ஒரு துண்டுக்கும். நான் அவர்கிட்ட நேராவே கேட்டேன், அந்தப் பேப்பரப் படிச்சீங்களாண்ணா? "படிக்கலம்மா. படிச்சிருந்தாலும் போட்டிருப்பேன்"னாரு. சாதாரணமா சொன்னாரு, வருத்தமா கூட இல்ல. அந்த பதிலுக்கு அப்புறம் எனக்கு அந்த கையெழுத்து மேல இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போயிடுச்சு. எதை எழுதிக் கொடுத்தாலும் கையெழுத்து போடற நெலமையில ஒருத்தரு இருக்காருன்னா அந்த கையெழுத்து அவரோட நெலமையச் சொல்லுது, அவரு விருப்பத்தச் சொல்லல.

இன்னொரு மாதிரி கேக்கறேன். உங்க மச்சான் வேலை போயி கஷ்டத்துல இருக்காரு, "மாமா நான் இறங்கறேன், 1,500 ரூபா குடுங்க, எழுதி வேணா தரேன்"னு நிக்கறாரு. இறக்கி விடுவீங்களா? வேற வேலை பாத்துக் குடுக்கறேன் வாடான்னு இழுத்துட்டுப் போவீங்க. மச்சானோட சம்மதத்த ஒரு நிமிஷம் கூட சம்மதம்னு எடுத்துக்க மாட்டோம். அப்ப இவரோடத மட்டும் ஏன் எடுத்துக்கிட்டோம்?

இதுக்கு பதில் சொல்ல எனக்கே சங்கடமா இருக்கு, ஆனா சொல்லாம விட்டா இந்த மடலுக்கு அர்த்தம் இல்ல. சாதிதான். "நாங்க யாரும் சாதி கேக்கலையே"ன்னு ஒரு மேடம் எழுதியிருந்தாங்க, உண்மை, கேக்கல, கேக்க வேண்டிய அவசியமே வரல, கான்ட்ராக்டருக்கு எந்தத் தெருவுல போய் ஆளக் கூப்பிடணும்னு தெரியும். தமிழ்நாட்டுல இந்த வேலைக்கு இழுத்து விடப்படறவங்கள்ல பெரும்பாலும் அருந்ததியர் மக்கள். கையால மலம் அள்ளறவங்கன்னு நாடு பூரா கணக்கெடுத்ததுல சாதி விவரம் கிடைச்ச 43,797 பேர்ல 42,594 பேர் பட்டியல் சாதின்னு மத்திய அரசே 2021-ல பார்லிமென்ட்ல சொல்லிச்சு. நூத்துக்கு 97 பேர். இவங்கெல்லாம் தனித்தனியா உக்காந்து யோசிச்சு இந்த வேலைய விரும்பி எடுத்தாங்கன்னு யாராவது சொல்ல முடியுமா? "அவரே ஒத்துக்கிட்டாரு"ன்னு நாம சொல்ற அந்த சம்மதத்த அவரு பொறக்கறதுக்கு முன்னாடியே எழுதி வெச்சிட்டாங்க.

கான்ட்ராக்டர் பேச்சு வந்துச்சு. "நாம கான்ட்ராக்டர்கிட்ட குடுத்தோம், அவரு ஆள இறக்கினா அவரு பொறுப்பு." 2013-ல வந்த சட்டம் இருக்கு, மனுஷக் கழிவ மனுஷனே அள்ளறத தடை பண்ற சட்டம், அதுல 7-வது பிரிவு, பாதுகாப்பு ஏற்பாடு இல்லாம செப்டிக் டேங்க்லயோ சாக்கடையிலயோ எந்த ஆளும், எந்த உள்ளாட்சியும், எந்த ஏஜென்சியும் "நேரடியாகவோ மறைமுகமாகவோ" யாரையும் வேலைக்கு வெக்கக் கூடாதுங்குது. அந்த "மறைமுகமாகவோ"ங்கற வார்த்தை நமக்காகத்தான் போட்டிருக்காங்க. மீறினா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டு லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். திரும்பப் பண்ணா அஞ்சு வருஷம், அஞ்சு லட்சம் வரைக்கும் போகும். பெயில்ல வர முடியாத குற்றம். நம்ம பேப்பர் கோர்ட்ல நிக்குமான்னு கேட்டா, சட்டத்துக்குப் புறம்பான வேலைக்குப் போட்ட ஒப்பந்தம் செல்லாதுன்னு 1872 ஒப்பந்தச் சட்டத்துலேர்ந்தே இருக்கு, 23-வது பிரிவு. வெள்ளக்காரன் காலத்துச் சட்டத்துக்குத் தெரிஞ்சது 64 வீட்டுல ஒருத்தருக்கும் தோணல. சரி, சட்டத்தக் காட்டி பயமுறுத்தறதுக்கு இத எழுதல. சட்டம் இல்லாத ஊரா இருந்தாலும் இது தப்புதான். நடுவுல ஒரு ஆளப் போட்டா நம்ம பங்கு பாதியாகும்னு நெனக்கறோம் பாருங்க, அதச் சொல்றதுக்காக எழுதறேன். கான்ட்ராக்டர் என்ன பண்ணுவாருன்னு தெரியாமலா அந்த ரேட்டுக்கு ஒத்துக்கிட்டோம்?

ரேட்டுக்கு வரேன், ஏன்னா இதுல என் கை நேரா இருக்கு. மாச மீட்டிங்ல ரெண்டு கொட்டேஷன் வந்துச்சு. ஒண்ணு ஜெட்டிங் மெஷினோட, தண்ணிய பிரஷர்ல அடிச்சு கசடக் கரைச்சு உறிஞ்சறது, ரெண்டு டிரிப், 22,000. இன்னொண்ணு சாதா லாரி, "தேவைப்பட்டால் ஆள் மூலம்", 9,000. அந்த "தேவைப்பட்டால் ஆள் மூலம்"ங்கறத பொருளாளர் மேடம் சத்தமாவே படிச்சாங்க, அவங்க மேல தப்பு சொல்ல மாட்டேன், மறைக்கல. கை தூக்கச் சொன்னாங்க. நானும் தூக்கினேன். சிசிடிவி செலவு வேற இருக்கே, மெயின்டனன்ஸ் ஏத்திடுவாங்களேன்னு ஓடிட்டு இருந்துச்சு மனசுல. வித்தியாசம் 13,000. 64 வீட்டுக்குப் பிரிச்சா வீட்டுக்கு 203 ரூபா. நான் கால்குலேட்டர்ல மூணு தடவை போட்டுப் பாத்தேன், 203-தான். என் வீட்டுப் பங்கா ஒரு மனுஷன் உயிர்ல நான் மிச்சம் பிடிச்சது அவ்வளவுதான்.

அப்புறம் அந்த ஹோஸ் ஏன் அடைச்சுச்சு? லாரி டிரைவர் ஹோஸக் கழட்டி உதறினப்ப விழுந்தத நான் பாத்தேன். டயப்பர், நாப்கின், வெட் வைப்ஸ், ஒரு குழந்தையோட சாக்ஸ் கூட. நோட்டீஸ் போர்டுல ரெண்டு வருஷமா ஒட்டி வெச்சிருக்கோம் கம்மோட்ல போடாதீங்கன்னு. ஃப்ளஷ் அழுத்தற ஒரு செகண்ட்ல அது கண்ண விட்டுப் போயிடுது, மனச விட்டும் போயிடுது. யாரு வீட்டு டயப்பர்னு கண்டுபிடிக்க முடியாது, கண்டுபிடிக்கவும் வேணாம். ஆனா அந்த அடைப்பு இல்லேன்னா அன்னிக்கு ஆள் இறங்கியிருக்க வேண்டியதே இல்ல. கொட்டேஷனுக்கு கை தூக்கினவங்க, பேப்பர் டைப் பண்ணவங்க, டயப்பர் போட்டவங்க, கான்ட்ராக்டர், ஜன்னல்லேர்ந்து பாத்துட்டு தோசையத் திருப்பிப் போட்ட நானு, ஆளுக்கு ஒரு சின்னத் துண்டு. ஒவ்வொண்ணும் தனியா எடுத்தா அற்பம். எல்லாம் சேந்தப்ப ஒரு ஆளு உள்ள விழுந்தாரு. துண்டு சின்னதா இருக்குங்கறதால அது நம்முது இல்லன்னு ஆயிடாது, இதத்தான் நான் எத்தனையோ ராத்திரி யோசிச்சு முடிவுக்கு வந்தேன்.

"அதான் ஒண்ணும் ஆகலையே, பொழச்சிட்டாரே"ன்னு ஏ பிளாக் அண்ணன் லிஃப்ட்ல கேட்டாரு. அவரு நல்ல மனுஷன், எனக்கு மரியாதை உண்டு. நான் அவருக்கு அன்னிக்கு பதில் சொல்லல, இங்க சொல்றேன். அண்ணா, அவரு பொழச்சதுக்கு காரணம் அந்த கிளீனர் பையன் கட்டின கயிறு. அத நாம கட்டல. அவன் லீவு போட்டிருந்தா, கயிறு லாரில இல்லாம இருந்திருந்தா, அவரு செத்திருப்பாரு, அன்னிக்கு சாயங்காலம் போலீஸ் வந்திருக்கும், நாமெல்லாம் குற்றவாளி. இப்ப அவரு உயிரோட இருக்காரு, நாமெல்லாம் "பணி நிறைவடைந்தது". ரெண்டு கதையிலயும் நாம பண்ணது என்ன? அதே கொட்டேஷன், அதே பேப்பர், அதே துண்டு கட்டின மூஞ்சி. நாம பண்ணதுல ஒரு எழுத்து கூட மாறல. ஒரு பையனோட கைவலுவுலதான் வித்தியாசம். அது அவனோட புண்ணியம், நம்ம கணக்குல எழுதக் கூடாது. எல்லாருக்கும் அந்தப் பையன் கிடைக்க மாட்டான், 1993-லேர்ந்து நம்ம தமிழ்நாட்டுல மட்டும் இப்படி இறங்கி செத்தவங்கன்னு அரசாங்கக் கணக்குலயே 200 பேருக்கு மேல வருது, நாட்டுலயே நாமதான் முதல் இடம்னு பார்லிமென்ட்ல பல தடவை சொல்லியாச்சு. அவங்க செத்த எல்லா இடத்துலயும் முதல் நாள் வரைக்கும் "ஒண்ணும் ஆகல".

வாட்ச்மேன் அண்ணன் குதிக்கப் போனாருன்னு சொன்னேன்ல. அத நெனச்சா ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் வயித்தக் கலக்குது. 2015 நவம்பர்ல கோழிக்கோட்டுல இது நடந்துச்சு, ரெண்டு ஆந்திரா தொழிலாளிங்க மேன்ஹோல்ல மாட்டிக்கிட்டாங்க, அந்த வழியா வந்த ஒரு ஆட்டோ டிரைவர் காப்பாத்த உள்ள இறங்கினாரு, மூணு பேரும் போயிட்டாங்க. அந்த ஆட்டோக்காரருக்கும் அந்த வேலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, அவங்கள வேலைக்கு வெச்சது அவரு இல்ல, அது அவரு வீட்டு சாக்கடையும் இல்ல. எந்தப் பொறுப்பும் இல்லாத ஆளு எல்லாப் பொறுப்பையும் எடுத்துக்கிட்டாரு. எல்லாப் பொறுப்பும் இருந்த நாம பிரிண்ட் எடுத்து அதக் கழட்டி இன்னொருத்தர் தலைல வெச்சோம். (தயவு செஞ்சு யாரும் ஆள் விழுந்தா பின்னாடியே இறங்காதீங்க, செத்தவங்கள்ல பல பேர் காப்பாத்த இறங்கினவங்கதான். இத வாட்ச்மேன் அண்ணனுக்கும் சொல்லி வெச்சிருக்கேன்.)

சங்கத்துலேர்ந்து அவருக்கு 2,000 ரூபா குடுத்தோம், மினிட்ஸ்ல "மனிதாபிமான அடிப்படையில்"னு எழுதியிருக்கு. அந்த வார்த்தைய அடிச்சிடுங்க. மனிதாபிமானம்னா நமக்கு சம்பந்தம் இல்லாத ஒருத்தருக்கு இரக்கப்பட்டு குடுக்கறது. இது நாம குடுக்க வேண்டிய கடன். இப்படி இறந்தவங்க குடும்பத்துக்கு 10 லட்சம் குடுக்கணும்னு 2014-ல சுப்ரீம் கோர்ட் சொல்லிச்சு, 2023 அக்டோபர்ல அத 30 லட்சமா ஏத்திச்சு, நிரந்தரமா ஊனமானா 20 லட்சத்துக்குக் குறையக் கூடாதுன்னுச்சு. நம்ம ஆளு நடக்கறாரு பேசறாரு, ஆனா இருமல் இன்னும் நிக்கல, மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது, மூணு வாரமா வேலைக்குப் போகல. எவ்ளோ குடுக்கணும்னு அவரயும் உக்கார வெச்சுப் பேசுங்க, நாமளே ஒரு தொகைய முடிவு பண்ணி கவர்ல போட்டுக் குடுக்காதீங்க.

ஆஸ்பத்திரில கெளம்பும்போது அவரு என்ன கேட்டாரு தெரியுமா? "அம்மா, அந்த டேங்க் மூடி சரியா மூடிட்டாங்களா? அவசரத்துல அப்படியே விட்டிருப்பாங்க. பசங்க அங்கதான் சைக்கிள் ஓட்டறாங்க, பாத்தேன்." நான் வீட்டுக்கு வந்து பாத்தேன். மூடல. ஒரு ஓரம் தூக்கிட்டு இருந்துச்சு, மேல ஒரு பிளாஸ்டிக் சேரக் கவுத்துப் போட்டிருந்தாங்க. ரெண்டு நாளா அப்படியே இருந்திருக்கு, நம்ம பசங்க அந்த சேரச் சுத்தி வட்டம் போட்டு ஓட்டிட்டு இருந்தாங்க. நானும் வாட்ச்மேன் அண்ணனும் சேந்து கடப்பாரைய வெச்சு நெம்பி மூடினோம். நம்ம பசங்க உயிரப் பத்தி அவரு மூக்குல ட்யூப்போட படுத்துட்டு யோசிச்சாரு.

நான் கேக்கறது அதிகம் இல்ல. இனிமே மெஷின் இல்லாம டேங்க் திறக்கறது இல்லைன்னு தீர்மானம் போடுங்க, 203 ரூபா இல்ல 500 ரூபா ஆனாலும் நான் முதல்ல கட்டறேன். லைசென்ஸ் உள்ள லாரிக்கு 14420-ன்னு நம்பர் இருக்கு, அத நோட்டீஸ் போர்டுல ஒட்டுங்க. நாலு வருஷம் அஞ்சு வருஷம் விட்டு கசடு கல்லாகற வரைக்கும் காத்திருக்காம, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ எடுத்தா லாரியே உறிஞ்சிடும்னு அந்த டிரைவர்தான் சொன்னாரு. டயப்பருக்கு மாடிக்கு ஒரு மூடி போட்ட டப்பா வெச்சிடலாம், பி பிளாக்குக்கு நான் பாத்துக்கறேன். அந்த கிளீனர் பையனக் கூப்பிட்டு ஒரு நன்றி சொல்லணும், அவன் நம்பர் என்கிட்ட இருக்கு.

பழிய செகரெட்டரி சார் ஒருத்தர் மேல போட்டு நாம 63 வீடு தப்பிக்கறதுலயும் எனக்கு சம்மதம் இல்ல. சம்பளம் வாங்காம ஞாயித்துக்கிழமை லாரி பின்னாடி ஓடற மனுஷன் அவரு, கை தூக்கினது நாம. சார், இதப் படிச்சு வருத்தப்பட்டீங்கன்னா மன்னிச்சிடுங்க, ஆனா எழுதினத மாத்திக்க மாட்டேன்.

வர்ற ஞாயித்துக்கிழமை 11 மணிக்கு மீட்டிங்னு போட்டிருக்கீங்க. அந்த ஏ4 பேப்பர் உங்க ஃபைல்ல இருக்கும், எடுத்துட்டு வாங்க. அதுல "பொறுப்பல்ல"ங்கறத எல்லாரும் பாக்கற மாதிரி அடிச்சிட்டு, அவரு கையெழுத்துக்குக் கீழ இடம் இருக்கு, நான் முதல்ல போடறேன். பேனா கொண்டு வரேன்.

பி பிளாக், ரெண்டாவது மாடி